ஜரிகைக்கு நான் ஏற்றிய ஒரு யூனிட்

டியூட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற டாக்டர்கள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்பப் பெருமையா நினைக்கிற கேஸ் எது?" கன்று திரும்பிக் கிடந்த எருமையையோ, சத்தியவேடு பக்கம் ஒரே வாரத்தில் அடக்கிய கோமாரியையோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் நகரியில் பார்த்த ஒரு கிழட்டுப் பூனையைச் சொல்வேன். அதுவும் நான் தப்புப் பண்ணின கேஸ். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

நகரியில் நாங்கள் இருந்த இடத்துக்குப் பெயர் கால்நடை ஆஸ்பத்திரி. ஊர் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. மாடு வரும், ஆடு வரும், வெறிநாய் கடித்த நாய் வரும். பூனையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் வாசலில் நிற்கிற மாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அப்படி ஒரு சிரிப்புக்கு நடுவேதான் முனிரத்தினம் முதல்முறை உள்ளே வந்தார். டி.வி.எஸ். வண்டியில் முன்னால் ஒரு மூங்கில் கூடை, அதன்மேல் ஈரத் துண்டு, உள்ளே ஜரிகை.

முனிரத்தினம் தறி ஓட்டுகிறவர் இல்லை. புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட காகிதத்தில் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்துக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை குத்துவார்கள். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், நகரி ஆந்திராப் பக்கம் என்று எல்லைக்கோடு விழுந்த சமயத்தில் பிறந்தவர். அக்கா தங்கைகள் எல்லாம் அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள், இவர் இங்கேயே தங்கிவிட்டார். ஆபீஸ்காரர்களோடு பேசும்போது தெலுங்கு, வீட்டிலும் என்னிடமும் தமிழ், கணக்குச் சொல்லும்போது இங்கிலீஷ். பிள்ளைகள் இல்லை. மனைவி கோவிந்தம்மா, நூல் கோன்கள் அடுக்கிய ஒரு முன்னறை, எலி நூலைக் கடிக்காமல் இருக்க எப்போதோ கொண்டுவந்து வளர்த்த அந்தப் பூனை. சாம்பல் உடம்பில் முதுகோரமாக ஒரு பொன்னிறக் கோடு ஓடியதால் ஜரிகை என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த முதல் வருகையிலேயே ஜரிகைக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தேன். தினம் இரண்டு வேளை இன்சுலின், வேளைக்கு இரண்டு யூனிட். ஒரு பூனைக்கு ஆயுசு முழுக்க ஊசி போட வேண்டும் என்று சொன்னால் நம் ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படியே எழுந்து போய்விடுவார்கள். அவர் போகவில்லை. "எப்டிப் போடணும்னு காட்டுங்க மேடம்" என்றார். ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் காட்டினேன். இரண்டு வருஷத்துக்கு மேல், காலையில் ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி, ஒரு வேளைகூடத் தவறவிடாமல் போட்டார். திருத்தணியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் தாலி கட்டிய கையோடு பஸ் ஏறி ஊசி நேரத்துக்கு வந்து சேர்ந்தார். பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளில்கூட இப்படி ஒரு ஆளைப் பார்ப்பது அபூர்வம். எங்கள் மாட்டாஸ்பத்திரியில் ஒரு சர்க்கரைப் பூனை நல்லபடியாக வாழ்கிறது என்று மீட்டிங்குக்கு மீட்டிங் நான் சொல்லிக்கொள்வேன். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. அதையும் இந்தக் கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருஷம் ஜரிகை மாற ஆரம்பித்தது. காரணமே இல்லாமல் நடு அறையில் நின்று கத்தும். மணல் தட்டு எங்கே இருக்கிறது என்று மறந்து நூல் மூட்டையில் நனைத்துவிடும். சாப்பிட்ட கையோடு மறுபடி தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து சோறு கேட்கும்.

"இப்பத்தான் துன்னுச்சி மேடம். துன்னதே ஞாபகம் இல்ல அதுக்கு" என்றார் முனிரத்தினம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். காதில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தேன். சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை, அதனால்தான் இந்தக் குழப்பம் என்று முடிவு பண்ணினேன். வேளைக்கு இரண்டு யூனிட் இருந்ததை மூன்றாக ஏற்றினேன். மூன்று நிமிஷ வேலை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். ஜரிகை இன்னும் மோசம். சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறதாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம், நடந்தால் பின்னங்கால் தள்ளாடுகிறதாம். மறுபடி ரத்தம் எடுத்தேன். மறுபடியும் மீட்டர் உயரத்தில்தான் நின்றது. இன்சுலினை ஏற்றியும் சர்க்கரை இறங்கவில்லை, மூளையும் போய்க்கொண்டிருக்கிறது, வயசும் பதினைந்தைத் தாண்டிவிட்டது. என் மனசில் கேஸ் முடிந்துவிட்டது.

முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, "மேடம், இத்த கொஞ்சம்..." என்று நீட்டினார். வாசலில் ஒரு கறவை மாடு விழுந்து கிடந்தது, ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். "அப்புறம் பாக்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். அவர் காகிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதை ஓரக்கண்ணால் பார்த்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாதம் கோவிந்தம்மா மட்டும் தனியாக வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்களுக்கும் தூக்கம் இல்ல, அதுக்கும் இல்ல. ரெண்டு மூட்டை நூலு நாறிப்போயி நூலு குடுக்கிற சேட்டு கத்திட்டுப் போனாரு. அது போனாக்கூடப் பரவால்ல மேடம். அந்த மூஞ்சிய பாக்க முடியல. எங்கியோ பாத்துக்கினு நிக்குது. நம்மள யாருன்னே தெரியல அதுக்கு. இன்னா பண்றது, சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூளை தேஞ்சுபோச்சும்மா. இனிமே சரியாகாது. கஷ்டப்படாம அனுப்பிடலாம்" என்றேன். ரொம்ப இதமாகத்தான் சொன்னேன். தப்பான முடிவை இதமாகச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம வோணாம். வியாழக்கிழம வாங்க" என்றார்.

வியாழக்கிழமை அந்தப் பகுதிக்குப் பவர் ஹாலிடே, தறிகளுக்குக் கரண்ட் கிடையாது. எந்நேரமும் தடதடவென்று அதிர்கிற தெரு செத்த மாதிரிக் கிடந்தது. தறி நின்றதால் ஆட்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மாட்டாஸ்பத்திரி அம்மா பையோடு வருவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. முனிரத்தினம் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் சேர்ந்து நின்றார்கள். அப்போது காலை பதினொரு மணி.

ஜரிகை முன்னறை மூலையில், நூல் கோன் அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து மருந்தை ஊசியில் ஏற்றினேன். கோவிந்தம்மா ஒரு பழைய வேட்டியை மடித்துத் தயாராகப் பிடித்திருந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் முனிரத்தினம். "அன்னிக்கிப் பாக்கலாம்னு சொன்னீங்க. இப்ப பாருங்க. அதுக்கப்பறம் நீங்க சொல்றபடி."

காகிதத்தை என் முன்னால் விரித்தார். அவர் டிசைன் போடுகிற அதே கட்டக் காகிதம். ஒரு வரி ஒரு நாள், ஒரு கட்டம் ஒரு மணி நேரம். ஜரிகை கத்தின மணிக்கு நீலம் அடித்திருந்தார். சுவரைப் பார்த்து நின்ற மணிக்கு, தள்ளாடின மணிக்குச் சிவப்பு. ஓரத்தில் தமிழில் பொடிப்பொடியாகத் தேதிகள். புருஷனும் பெண்டாட்டியும் முறைபோட்டு விழித்திருந்து எழுதியது அது.

"நீலம் பாருங்க, தாறுமாறா கீது. எப்ப வோணாலும் கத்துது. சேப்பப் பாருங்க." மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு. மறுபடியும் ராவுல பத்துலேர்ந்து பன்னெண்டு. வேற எங்கியும் இல்ல. பார்டர் போட்ட மாதிரி நேரா எறங்குது. மூளை போயிட்டா அதுக்கு மணி பாக்கத் தெரியுமா மேடம்?"

என் கண் காகிதத்தின் மேல்பக்கத்துக்குப் போனது. முதல் பத்துப் பதினோரு வரிகளில் நீலம் மட்டும்தான். அதற்கப்புறம்தான் சிவப்பு தொடங்குகிறது. அது தொடங்கின தேதி, நான் இரண்டை மூன்றாக ஏற்றின தேதிக்கு அடுத்த நாள். அவர் அதையும் பார்த்திருந்தார். பார்த்துவிட்டும் வாயால் சொல்லவில்லை. எனக்கே தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

ஊசியைக் கீழே வைத்தேன். பையிலிருந்து மீட்டரை எடுத்து, அந்த மூலையிலேயே ஜரிகையின் காதில் குத்தினேன். நாற்பதுக்கும் கீழே காட்டியது. காலை ஆறு மணிக்கு அவர் போட்ட மூன்று யூனிட் பதினொரு மணிக்கு அந்தப் பூனையின் ரத்தத்தில் இருந்த சர்க்கரையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல்தான் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் ஒவ்வொரு முறையும் ஏறிக் காட்டியது? கூடையில் போட்டு, வண்டியில் குலுக்கி, குரைக்கிற நாய்களுக்கு நடுவே உட்கார வைத்து எடுத்த ரத்தம் அது. பயந்த பூனைக்குச் சர்க்கரை ஏறும். காலேஜில் படித்ததுதான். நான் பார்த்தது ஜரிகையின் பயத்தை. அதற்கு இன்சுலின் ஏற்றியிருந்தேன்.

"கோவிந்தம்மா, சக்கரை கொண்டாங்க. கொஞ்சம் தண்ணியில கரைச்சு."

"சக்கர வியாதிக்காரிக்குச் சக்கரையா?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "வோணாம் மேடம். மறுபடியும் இழுக்காதீங்க. நான் மனசத் தேத்திக்கினு நிக்கிறேன். இன்னிக்கி எழுப்பிட்டு அடுத்த வாரம் மறுபடியும் இதே வேட்டியப் புடிச்சிக்கினு நிக்க என்னால ஆகாது."

வாசலில் இருந்த பெண்களும் அவர் பக்கம்தான். ஒருத்தி, "பாவம், போவ உடுங்க" என்றாள். அந்தக் கணத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. பெரிய வார்த்தை ஏதாவது போட்டு, இன்னொரு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று பூசி மெழுகியிருக்கலாம். அவர்கள் ஒத்துக்கொண்டும் இருப்பார்கள். ஆனால் கோவிந்தம்மாவுக்கு ஏன் மறுபடி நம்பிக்கை வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டியிருந்தது. அதை உண்மையால்தான் கொடுக்க முடியும்.

"அம்மா, தப்பு என்னுது" என்றேன். வாசலுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நான் ஏத்தின மருந்தால இப்படி நிக்குது. வயசால வந்தது கொஞ்சம் இருக்கலாம். ஆனா இது நான் பண்ணது. சரிபண்ண ஒரு அரைமணி நேரம் கொடுங்க."

கோவிந்தம்மா வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவையே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு ஜரிகையின் ஈறில் தடவினேன். கன்று போட்டபின் சோர்ந்து விழுகிற மாடுகளுக்காகப் பையில் வைத்திருந்த குளுகோஸ் பாட்டிலை நீர்க்கக் கலந்து முன்னங்காலில் ஏற்றினேன். மாட்டாஸ்பத்திரிப் பை அன்றைக்குப் பூனைக்கு உதவியது. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு காது ஒரு பக்கம் திரும்பியது. சுவரிலிருந்து தலையை எடுத்தது. உட்கார்ந்து தன் பாதத்தை நக்கியது. எழுந்து, தள்ளாடாமல் நடந்து, முனிரத்தினம் விரித்து வைத்திருந்த காகிதத்தின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

"ஜரி" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தது. கோவிந்தம்மா தோளிலிருந்த வேட்டியாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இங்கேயே கதையை நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். ஆனால் நீங்கள் தொழில் செய்யப் போகிறவர்கள், மீதியையும் கேட்க வேண்டும்.

இன்சுலினை நிறுத்திப் பார்த்து, பிறகு வேளைக்கு ஒரு யூனிட்டில் தொடங்கினோம். ரத்தத்தை வீட்டிலேயே எடுக்க அவருக்குக் கற்றுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் காகிதத்தில் சிவப்பு நின்றுபோனது. நீலம் நிற்கவில்லை. ஜரிகை கத்தியது, தட்டை மறந்தது, தின்றதை மறந்தது. அதாவது மூளையிலும் உண்மையாகவே வயசு இருந்தது. இரண்டு வியாதியும் ஒரே பூனைக்குள் இருந்தன. நான் பார்த்த ஒன்றை வைத்து இன்னொன்றை மூடிவிட்டேன். ஜரிகையைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கண் பார்வை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்து, வேறொன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "மூளை தேஞ்சுபோச்சு" என்று இரண்டாம் முறை சொன்னேன். இந்த முறை அந்த வார்த்தையை உழைத்துச் சம்பாதித்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே, நான் சித்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த டாக்டருக்குப் போன் பண்ணினேன். அப்போது அவர் ரிட்டயராகி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், தேற்றுவாரோ என்றும் ஒரு ஆசை. அவர் தெலுங்கில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதே மாதிரி வேற எதுக்கெல்லாம் டோஸ் ஏத்தினே?"

போனை வைத்துவிட்டு ரிஜிஸ்டரைப் புரட்டினேன். புத்தூரில் இன்னொரு சர்க்கரைப் பூனை இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய், அதன் வீட்டிலேயே, அதன் மெத்தையிலேயே வைத்துப் பார்த்தேன். அதற்கும் நான் கூடுதலாகத்தான் கொடுத்திருந்தேன். நல்லவேளை, இன்னும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தப்பை ஒத்துக்கொண்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று முந்தின நாள் நினைத்திருந்தேன். அது பாதி வேலைதான்.

ஜரிகை அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது. அந்த வீடு அதற்காக மாறிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முனிரத்தினம் கோன் அடுக்குகளை இடம் மாற்றவே விடமாட்டார். பழகின வழி மாறினால் அது தொலைந்துபோகும். மணல் தட்டின் ஒரு பக்கத்து விளிம்பை வெட்டித் தாழ்த்தினார். அறைக்கு ஒரு தட்டு என்று மூன்று வைத்தார். கத்தினால் கோவிந்தம்மா வேலையை விட்டு எழமாட்டார், இருந்த இடத்திலிருந்தே, "இங்கதான் கீறேன், வா" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே அது அவர் மடிக்கு வந்து சேரும். மருந்துச் சீட்டில் நான் எழுதினதைவிட அந்தக் குரல் அதிகம் வேலை செய்தது. ஆடி மாதம், திருத்தணிக்குக் காவடி போகிற நாட்களில், மதியம் அவர் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தபோது ஜரிகையின் மூச்சு நின்றது.

பிறகு திருப்பதியில் எங்கள் ஜில்லா டாக்டர்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்தது. வயசான பிராணிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தக் கேஸைப் பேசப்போகிறேன் என்றதும் கூட வேலை செய்தவர்கள் சிலர் தடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது எவ்வளவோ இருக்க இது எதற்கு என்றார்கள். நான் முனிரத்தினத்தையும் கூட அழைத்துப் போனேன். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டையில் வந்து முதல் வரிசையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பேசி முடித்தேன். பெரிய அதிகாரி ஒருவர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். "இந்தம்மா தப்புப் பண்ணாங்கன்னு தெரிஞ்சப்புறமும் ஏன் இவங்ககிட்டயே போனீங்க? திருப்பதியில இத்தனை டாக்டர் இருக்காங்களே?"

முனிரத்தினம் எழுந்து நின்றார். தெலுங்கில் ஆரம்பித்து, பாதியில் தன்னையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார்.

"தப்பு பண்ணதும் இவங்கதான் சார். தெருவே பாத்துக்கினு நிக்கறப்ப அத்தத் தப்புன்னு சொன்னதும் இவங்கதான். வேற டாக்டர்கிட்ட போனா அவுரும் எப்பியாவது தப்பு பண்ணுவாரு. மனுசன்தானே. ஆனா பண்ணா சொல்லுவாரான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, ஹாலில் முணுமுணுப்பு மெல்லப் பரவியது. அந்த அரை நிமிஷம் நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். பாராட்டுப் பத்திரங்கள் சில வீட்டில் இருக்கின்றன. எதை வாங்கினபோதும் எனக்குக் கண் கலங்கியதில்லை.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது காணிப்பாக்கம் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளம் டாக்டர், உங்கள் வயசுதான் இருக்கும், என்னிடம் வந்து, "மேடம், அந்தச் சின்ன மீட்டரை இன்னிக்கு ஒருநாள் தர்றீங்களா?" என்று கேட்டு வாங்கினார். வாங்கின கையோடு பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாப்புடாமக்கூட எங்க போறாரு மேடம் அவுரு?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"ஒரு பூனையைப் பாக்க" என்றேன்.